ஆர்வோ மாட்டிய விசை

மாவு பிசைகிற மேசையில் துப்பாக்கியைப் பிரித்துப் போடுகிற ஆம்பளையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆர்வோ நியெமி அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தான். நவம்பர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பதினைந்தாம் தேதி துப்பாக்கியால் மான் வேட்டையாடுகிற பருவம் தொடங்குகிறது. வெளியே ஏரிக்காற்று, மழையா பனியா என்று சொல்லத் தெரியாத ஒரு சளி பிடித்த வானம். உள்ளே அவன் பெண்டாட்டி இர்மாவின் ஏலக்காய் ரொட்டி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனையும் துப்பாக்கி துடைக்கிற எண்ணெய் நாற்றமும் ஒன்றாக மூக்கில் ஏறியதும் எனக்குக் குமட்டியது.

நான் பக்கத்து வீடு. பெயர் டெல்மா. நவம்பர் முழுக்க என் கார் கொட்டகையில் மான் அறுக்கிறேன். ஊரில் சுடுகிற மானில் பாதி என் மேசைக்குத்தான் வரும். தோலுரித்து, எலும்பு எடுத்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, பெயர் எழுதிக் கொடுப்பேன். ரத்தத்துக்கும் குடலுக்கும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. எனக்குக் குமட்டுவது வேறு சங்கதிகளுக்கு. அன்றைக்குச் சாணைக்கல்லைத் திருப்பிக் கொடுக்கப் போனவளை இர்மா பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

"காபி குடிக்காமப் போனா எப்படிக்கா? உக்காருங்க."

இந்த ஏரிக்கரையில் குடியேறிய எங்கள் ஆட்கள் வீட்டில் காபியை விளிம்பு வரை ஊற்ற வேண்டும். குறைத்து ஊற்றினால் எழுந்து போ என்று அர்த்தம். எனக்கு விளிம்பு வரை ஊற்றினாள். ஆர்வோவுக்கு அரைக் கோப்பை. வசந்தத்திலிருந்து பார்க்கிறேன், கட்டின புருஷனுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுகிறாள். அவனும் அதை இரண்டு கையாலும் பிடித்து, மாடு தொட்டியில் குனிகிற மாதிரி குனிந்து உறிஞ்சுகிறான். ஏன் என்று கேட்டால் குளிர் என்பான். ஜூலை மாதத்திலும் குளிர் என்றான்.

"என்ன கருமம் இது, சாப்பிடற இடத்துல?" என்றேன்.

"புது ட்ரிக்கர். தபால்ல வந்துச்சு."

"பழசுக்கு என்ன வந்துச்சு?"

"பழசா? துருப்பிடிச்ச கேட்டு மாதிரி. இழு இழுன்னு இழுக்கணும். போன வருஷம் தப்பவிட்டேனே, அதனாலதான்."

போன வருஷக் கதை ஊருக்கே தெரியும். எட்டுக் கிளைக் கொம்பு, ஐம்பது கஜம், அசையாமல் நின்ற மான். ஆர்வோ சுட்டான். மான் திரும்பி அவனைப் பார்த்துவிட்டு நடந்து போனது. தப்பவிட்டவனின் சட்டை வாலை, பின்பக்கம் கீழே தொங்குகிற துணியை, கத்தரித்து, பெயரும் வருஷமும் எழுதி, கேம்ப் என்று எல்லோரும் கூடுகிற வேட்டைக் கொட்டகைச் சுவரில் ஆணி அடிப்பது இங்கே வழக்கம். முப்பது வருஷமாக மற்றவர்கள் வாலைப் பார்த்துச் சிரித்த ஆர்வோவின் வாலை அன்றைக்கு வெட்டினார்கள். கத்தரிக்கோலைப் பிடித்தது இர்மாவின் தம்பி ரெய்னோ. கறுப்புச் சிவப்புக் கட்டம் போட்ட நல்ல கம்பளிச் சட்டை. வால் இல்லாத அந்தச் சட்டையோடு ஆர்வோ வீட்டுக்கு வந்து மூன்று மாசம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு முழத் துணிக்கு இத்தனை ரோஷம்! தூ.

மேசையில் துப்பாக்கியின் இரும்பு தனியாக, மரக்கட்டை தனியாகக் கிடந்தது. கைப்பிடியைத் தூக்கி இழுத்து, குண்டைத் தள்ளி மூடுகிற போல்ட் ரொட்டித் தட்டுப் பக்கத்தில் எண்ணெய் வழியக் கிடந்தது. பழைய விசையைப் பிடித்திருந்த பின்னை, ஒரு குட்டி இரும்புக் குச்சியை, ஆர்வோ தட்டி எடுக்கப் பார்த்தான். சுத்தியல் பின்மேல் விழவில்லை, பக்கத்தில் விழுந்தது. இன்னொரு தரம், அப்போதும் விழவில்லை. நாலாவது அடியில் பின் துள்ளி ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. ஐம்பத்தெட்டு வயசு ஆள் தரையில் வயிற்றால் படுத்து, துடைப்பக் குச்சியை விட்டுத் துழாவினான். பின்னோடு ஒரு செத்த எலியும், மூன்று வருஷத் தூசியும் வந்தன. எலியை வாலைப் பிடித்துத் தூக்கி அடுப்பின் விறகு நெருப்பில் போட்டவன், அதே கையால் தட்டில் இருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றான்.

"கையைக் கழுவித் தொலையேன்," என்றாள் இர்மா.

"கழுவுனா எண்ணெய் போயிடும், அப்புறம் பிடி வழுக்கும்," என்றான். இது என்ன கணக்கோ!

புது விசையின் பெட்டி மரக்கட்டைக்குள் உட்காரவில்லை. பழசைவிட அகலம். ஆர்வோ, இர்மா உருளைக்கிழங்கு தோல் சீவுகிற கத்தியை எடுத்து மரத்தைச் சுரண்ட ஆரம்பித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் ரெய்னோ கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். காலில் சேறு, வாயில் சிரிப்பு. ரெய்னோ ஊர்ச் சாலையில் பனி தள்ளுகிற வண்டி ஓட்டுகிறவன். அக்காள்மேல் உயிர். மச்சானைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"என்ன மச்சான், இந்த வருஷம் எந்தச் சட்டை? வால் நீளமா உள்ளதாப் பாத்துப் போடு. போன தடவை வெட்டறதுக்குள்ள எனக்குக் கை வலிச்சுப்போச்சு."

"சிரி மாப்ள, சிரி. இந்த வருஷம் வெட்டறதுக்கு உன் வால்தான் மிஞ்சும்."

"குறி பாத்தா மானுக்கே கொட்டாவி வருது, இதுல புது ட்ரிக்கர் வேற! அக்கா, இவருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?"

இர்மா சிரிக்கவில்லை. அரைக் கோப்பைக் காபியைக் கணவன் கைக்குக் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தாள், அவ்வளவுதான்.

ஒருவழியாக எல்லாம் பொருந்தியது. விசைக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதற்கு ஒரு பொடித் திருகு உண்டாம். அதைத் திருப்புகிற சின்ன அலன் கீயை அதன் தலையில் நுழைக்கவே அவனுக்குப் பத்துத் தடவை ஆயிற்று. நுழைந்ததும் திருகினான். விரலால் தொட்டுப் பார்த்தான். டிக். இன்னும் திருகினான். தொட்டதும் டிக். முகமெல்லாம் பல்.

"பாத்தியா மாப்ள? மூச்சு விட்டாலே விழுது!"

"கூட வந்த காகிதத்துல இதுக்குக் கீழ எறக்காதேன்னு போட்டிருந்துச்சே," என்றாள் இர்மா.

"அந்தக் காகிதத்தைத்தான் காலைல அடுப்புப் பத்தவைக்க எடுத்தேன்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. என் அப்பா எந்தத் துப்பாக்கியைப் பழுது பார்த்தாலும் ஒரு காரியம் செய்யாமல் விடமாட்டார். "ஆர்வோ, உள்ளே குண்டு இல்லேன்னு பாத்துக்கோ. பாத்துட்டியா? இப்ப போல்ட்டை மூடு. மூடிட்டுக் கட்டையைத் தரைல ஒரு தட்டுத் தட்டு."

"எதுக்கு?"

"தட்டுறா சொல்றேன்."

தட்டினான். விசையை யாரும் தொடவில்லை. டிக்.

உள்ளே குண்டு இருந்திருந்தால் வெடித்திருக்கும். ரெய்னோதான் முதலில் சிரித்தான். "காட்டுல எவன்க்கா துப்பாக்கியை உலக்கை மாதிரி இடிக்கப் போறான்?"

"வழுக்கி விழுந்தா? போல்ட்டைக் கொஞ்சம் வேகமா மூடினா? மானை விரட்டிக்கிட்டு இவன் எதிர்ல நடந்து வர்றது நீதானேடா, முட்டாப் பயலே!"

"பூட்டு இருக்குல்ல அதுல," என்றான் ஆர்வோ. ஆனாலும் முணுமுணுத்துக்கொண்டே அரைச் சுற்றுத் திருப்பி வைத்தான். மறுபடி தட்டினான். டிக் சத்தம் வரவில்லை. எல்லோருக்கும் திருப்தி. இர்மா எல்லோருக்கும் ரொட்டி வைத்தாள். எனக்கு அதில் எண்ணெய் நாறியது. தின்றேன் என்று பெயர் பண்ணிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்பு வேட்டைக்காரன் ஒருவன் போட்டுவிட்டுப் போன பெட்டை மானை அறுத்துக்கொண்டிருந்தேன். இர்மா வந்தாள். கேட்காமலே காகிதச் சுருளை எடுத்து வெட்டித் தர ஆரம்பித்தாள். நாலு பொட்டலம் கட்டியதும் சொன்னாள்.

"திரும்பவும் குறைச்சு வெச்சிட்டாருக்கா."

"எதை?"

"அந்தத் திருகை. நீங்க போனதும் பழையபடி பண்ணிட்டாரு."

கத்தியைக் கீழே வைத்தேன். "ஏன்டி? கிறுக்கா அவனுக்கு?"

"கை நடுங்குதுக்கா. வலது கை. ஏப்ரல்லருந்து. சட்டைப் பித்தான்கூட நான்தான் போட்டு விடறேன். ட்ரிக்கர் கடுசா இருந்தா இழுக்க இழுக்கக் குழல் ஆடுதாம். தொட்டதும் விழுந்துட்டா, ஆடறதுக்கு முந்தியே குண்டு போயிடும்ங்கறாரு. போன வருஷமே லேசா இருந்திருக்கு. யாருக்கும் சொல்லலை."

"டாக்டரு?"

"போனா வண்டி ஓட்டற லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்கன்னு பயப்படறாரு."

"சரி, அது அவன் தலையெழுத்து. ரெய்னோகிட்டயாவது சொல்லு. நாளைக்குச் சதுப்புக்குள்ள இறங்கி மானை விரட்டறது உன் தம்பி. உன் புருஷன் உக்காந்திருக்கற பக்கமாத்தான் வருவான்."

இர்மா காகிதத்தை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "சொன்னா இவரைக் கேம்ப்ல சேக்க மாட்டாங்க. சட்டை வாலுக்கே மூணு மாசம் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தாரு. இது தெரிஞ்சுபோச்சுன்னா மனுசன் எழுந்திரிக்கவே மாட்டாருக்கா. மான் கண்ணுல படற வரைக்கும் போல்ட்டைத் திறந்தே வெச்சிருப்பேன்னு சத்தியம் பண்ணிருக்காரு."

"வால் பெருசா, தம்பி பெருசா?"

கடைசிப் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பேஸ்டி சுட வேண்டும் என்று போய்விட்டாள். வேட்டைக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்ட பேஸ்டி இரண்டு. கணவனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு.

என்னை மட்டும் யோக்கியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அன்று மத்தியானம் ரெய்னோ வண்டியை என் வாசலில் மெதுவாக்கிக் கையை ஆட்டினான். ஒரு குரல் கொடுத்திருந்தால் நிறுத்தியிருப்பான். நானும் கத்தியோடு கையை ஆட்டினேன். அடுத்த வீட்டு விவகாரம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்கள். வண்டியின் பின்னால் எட்டுக் கிளைக் கொம்பன். கொம்பில் கட்டிய சீட்டில் ஆர்வோ நியெமி என்று பெயர். கேம்ப் ஆட்கள் இரண்டு பேர் வண்டிமேல் நின்று கத்தினார்கள். ஆர்வோ முன்சீட்டிலேயே இருந்தான், இறங்கவில்லை. ரெய்னோ அந்தக் குளிரில் கோட்டு இல்லாமல், வெறும் ஸ்வெட்டரோடு நின்றான்.

"கோட்டு எங்கடா?"

"வண்டில கெடக்குக்கா."

"மச்சானைக் கிண்டல் பண்ணலையா?"

"பண்ணாச்சு, பண்ணாச்சு," என்று வேறு பக்கம் பார்த்தான்.

ஊர் முச்சந்தியில் மான்களைத் தொங்கவிடுகிற கட்டையில் அது இரண்டு நாள் தொங்கியது. போகிறவன் வருகிறவன் எல்லாம் ஆர்வோவை அதன் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தான். படத்தில் ஆர்வோ வலது கையை எப்போதும் பைக்குள்தான் வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் மான் என் மேசைக்கு வந்தது.

தோள்பட்டைக்குப் பின்னால் ஒரே ஓட்டை. இப்படிச் சுட நிதானமான கை வேண்டும் என்று அப்போதே உறுத்தியது. மறுபக்கம் தோலை உரித்ததும் தோலுக்கும் சதைக்கும் நடுவில் குண்டு சிக்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் கழுவினேன். கட்டைக் குண்டு, என் பெருவிரல் நுனித் தடிமன். ஆர்வோவின் துப்பாக்கிக் குழலுக்குள் அது நுழையவே நுழையாது. அந்தத் தடிமனில் குண்டு போடுகிற துப்பாக்கி எங்கள் ஊரில் ஒன்றே ஒன்று, ரெய்னோவின் தாத்தா விட்டுப்போனது.

குண்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, ரத்தக் கையோடு வேலியைத் தாண்டிப் போனேன்.

மூன்று பேரும் அடுப்பங்கரையில் இருந்தார்கள். ரெய்னோ தன் ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டை அக்காவிடம் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பெண்டாட்டி இல்லை, கிழிசல் எல்லாம் இங்கேதான் வரும். இர்மா கோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்குளுக்குக் கீழே, முன்பக்கம் ஒரு ஓட்டை. அதற்கு நேர் பின்பக்கம் இன்னொன்று. இரண்டிலும் அவள் சுண்டுவிரல் நுழைந்தது.

"முள்ளுக்கம்பி கிழிச்சிருச்சுங்கறான்க்கா," என்றாள் என்னிடம். குரல் தட்டையாக இருந்தது. பிறகு கோட்டைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்க வால் இல்லை. கத்தரிக்கோலால் நேராக, சதுரமாக வெட்டி எடுத்திருந்தார்கள். "முள்ளுக்கம்பி இப்படியும் வெட்டுமாடா ரெய்னோ?"

நான் குண்டை மேசையில் வைத்தேன். அது உருண்டு சர்க்கரைக் கிண்ணத்தில் முட்டி நின்றது.

ரெய்னோ அதைப் பார்த்தான், ஆர்வோவைப் பார்த்தான். ஆர்வோதான் முதலில் பேசினான்.

"மூடினேன். மான் சத்தம் கேட்டுச்சு, போல்ட்டை மூடினேன். மூடினதும் வெடிச்சிருச்சு. விரலே வைக்கலை நான்."

"பனில நின்னேன்க்கா," என்றான் ரெய்னோ. "யாரோ கோட்டைப் பிடிச்சு இழுத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம்தான் சத்தம் கேட்டுச்சு. குனிஞ்சு பாத்தா ஓட்டை."

"அந்த மானு?"

"பத்து நிமிஷம் கழிச்சு நான் போட்டது. கேம்ப்ல உக்காந்து பேசினாங்க. வெளிய தெரிஞ்சா கேம்ப் பேரு நாறிடும்னாங்க. மச்சான் பேருல சீட்டுக் கட்டிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னாங்க. நானும் சரின்னுட்டேன்."

"வாலை எதுக்குடா வெட்டினாங்க?" என்றேன்.

ரெய்னோ சிரிக்கப் பார்த்தான். "தப்பவிட்டவனுக்குத்தான் வெட்டறது. ஆனா மச்சானுக்குப் போன வருஷமே வெட்டியாச்சு. அதனால இந்த வருஷம் தப்பிச்சவனுக்கு வெட்டுவோம்னாங்க. மச்சான் துணிக்குப் பக்கத்துலயே ஆணி அடிச்சு, எம் பேரும் எழுதி..."

"நீயும் சிரிச்சியா?"

"எல்லாரும் சிரிச்சாங்கக்கா."

பதினாறு வருஷமாகக் குடலில் கை விட்டு அளைகிறவள் நான். அங்கேயும் இவ்வளவு நாற்றத்தைக் கண்டதில்லை. மனுஷன் நெஞ்சுக்கு அரைச் சாண் தள்ளிப் போன குண்டுக்குக் கத்தரிக்கோல் தேடி, ஆணி தேடி, பெயர் எழுதிச் சிரித்திருக்கிறார்கள். சீ, இவர்களும் மனுஷர்களா! அதற்கு மேல் பேஸ்டியையும் தின்றிருப்பார்கள்.

இர்மா கத்தவில்லை. எழுந்து போய்க் காபிப் பானையை எடுத்து வந்தாள். நாலு கோப்பை வைத்தாள். எனக்கு விளிம்பு வரை ஊற்றினாள். தம்பிக்கு விளிம்பு வரை. தனக்கும். கடைசியில் கணவன் கோப்பையைப் பிடித்து, சொட்டுக்கூட இடம் இல்லாமல், விளிம்பு வரை ஊற்றினாள்.

"குடிங்க," என்றாள்.

ஆர்வோ அவளை நிமிர்ந்து பார்த்தான். "இர்மா..."

"குடிங்க. அவன் பாக்கட்டும்."

அவன் இடது கையை நீட்டினான். "அந்தக் கை இல்லை," என்றாள். வலது கையைப் பையிலிருந்து எடுத்தான். கோப்பை மேசையை விட்டு எழும்பவே இல்லை, அதற்குள் காபி சிந்த ஆரம்பித்துவிட்டது. தூக்கியபோது விரல்மேல் வழிந்து, சட்டைக் கைக்குள் போய், மேசை விரிப்பில் கொட்டி, தரையில் சொட்டியது. சுடுகிறது என்றுகூட அவன் சொல்லவில்லை. வாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிதான் இருந்தது.

ரெய்னோவின் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "எப்பருந்து?"

"ஏப்ரல்லருந்து நல்லாத் தெரியுது," என்றாள் இர்மா. "எனக்குத் தெரியும்டா ரெய்னோ. கை நடுங்கறதும் தெரியும். திருகைத் திரும்பக் குறைச்சு வெச்சதும் தெரியும். நீ எந்தப் பக்கமா நடந்து வருவேன்னும் தெரியும். எல்லாம் தெரிஞ்சே உனக்குப் பேஸ்டி கட்டிக் குடுத்தேன்."

நான் சொல்ல வேண்டியதும் இருந்தது. "எனக்கும் தெரியும்," என்றேன். ரெய்னோ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். குண்டு போனபோது அவன் இப்படி வெளுத்திருக்க மாட்டான்.

எழுந்தான். தைக்காத கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டான். சுவரில் மாட்டியிருந்த ஆர்வோவின் துப்பாக்கியை இறக்கி, போல்ட்டை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"இது என்கிட்ட இருக்கட்டும் மச்சான்."

"பழைய ட்ரிக்கர் காபி டப்பாவுல இருக்கு," என்றான் ஆர்வோ, தரையைப் பார்த்துக்கொண்டே. "எடுத்துக்கோ மாப்ள."

ரெய்னோ டப்பாவையும் எடுத்துக்கொண்டான். வாசல் வரைக்கும் போனவன் நின்றான். ஏதாவது சொல்வான் என்று இர்மா காத்திருந்தாள். அந்தக் கோட்டில் வால் இருந்த இடத்தில் ஸ்வெட்டர் தெரிய, வண்டியில் ஏறிப் போனான். அவன் காபியைத் தொடவே இல்லை. அந்த வீட்டில் அவன் காபியைத் தொடாமல் எழுந்து போனதை நான் அதுவரை பார்த்ததில்லை.

இர்மா துணி எடுத்து மேசையைத் துடைத்தாள். தரையைத் துடைத்தாள். ஆர்வோவின் கையைப் பிடித்து, சிவந்துபோன விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பிறகு தம்பி வைத்துவிட்டுப் போன கோப்பையை எடுத்து, பாதியைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மீதிப் பாதியைக் கணவனுக்கு முன்னால் வைத்தாள்.

"குடிங்க," என்றாள். "ஆறிடப் போகுது."